பேஸ் ஜம்ப்: குதித்தவர்கள், தைத்தவர்கள், மடித்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

அம்மா தையல்காரர். வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைத்தே எங்களை வளர்த்தார். அந்த மெஷின் சத்தத்தில் தூங்கி எழுந்த நான் இன்றைக்கு அமெரிக்காவில், ஐடஹோ மாநிலத்தில், பாராசூட் தைக்கிறேன். இதைப் பற்றித் தமிழில் பேச எனக்கு ஆளே கிடைப்பதில்லை. குதித்தவர்கள், மடித்துக் கொடுத்தவர்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் யார் இருந்தாலும் கீழே எழுதுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

நான் இருப்பது ட்வின் ஃபால்ஸ் ஊருக்குப் பக்கத்தில். ஸ்நேக் ஆற்றின் மேல் 486 அடி உயரத்தில் நிற்கும் பெரைன் பாலத்திலிருந்து வருடம் முழுக்க யார் வேண்டுமானாலும் குதிக்கலாம், அனுமதிச் சீட்டு தேவையில்லை. அதனால் முதல் முறை குதிக்கிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் இங்கேதான் வருகிறார்கள். விமானத்திலிருந்து இல்லாமல், கட்டடம் (பில்டிங்), ஆன்டெனா கோபுரம், பாலம் (ஸ்பான்), மலை (எர்த்) இவற்றிலிருந்து பாராசூட்டோடு குதிப்பதுதான் பேஸ் ஜம்ப். அந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகள்தான் 'பேஸ்'. 1980களின் தொடக்கத்தில், இதைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான கார்ல் போனிஷும் நண்பர்களும் வைத்த பெயர் அது.

விமானத்திலிருந்து குதிப்பவர் முதுகில் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவது சரியாக விரியாவிட்டால் இரண்டாவது. அந்த இரண்டாவதை உரிமம் பெற்ற ரிக்கர் (பாராசூட்டை மடித்துப் பராமரிப்பவர்) மட்டும்தான் மடித்து முத்திரை வைக்கலாம். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை அதைப் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பேஸ் ஜம்ப்பில் ஒன்றே ஒன்றுதான். எங்கள் பாலத்திலிருந்து ஒன்றும் விரியாமல் விழுந்தால் தண்ணீரைத் தொட ஐந்தரை விநாடி. இரண்டாவதை இழுக்க நேரம் எங்கே இருக்கிறது? விமானமே இல்லாததால் அந்தச் சட்டமும் எங்களுக்கு வராது. ஆக, குதிக்கிறவர் கண்ணும் தைக்கிறவர் கையும் மட்டும்தான் சோதனை.

நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். பைலட் சூட் என்பது குதித்ததும் கையிலிருந்து காற்றில் வீசும் சின்னக் குடை. அதுதான் ஒன்பதடி நாடாவை இழுத்து, முதுகுப் பையைத் திறந்து, பெரிய குடையை வெளியே கொண்டுவரும். மேலே வட்டத் துணி, கீழே வலை. நடுவில் சிலுவை மாதிரி நான்கு நாடாக்கள் ஓடும். 46 அங்குலத்தில் ஒன்று தைத்தேன். நான் முழுசாகத் தைத்த முதல் பைலட் சூட். பார்க்க லட்சணமாக இருந்தது. நண்பர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு போய்ப் பாலத்திலிருந்து குதித்தார். பெரிய குடை விரியும்போதே இடது பக்கமாகக் கால் வட்டம் திரும்பிவிட்டது. பாலம் என்பதால் சுற்றிலும் வெறும் காற்றுதான், நேராக்கிக்கொண்டு பத்திரமாக இறங்கிவிட்டார். அதே திருப்பம் ஒரு மலை முகட்டில் வந்திருந்தால் குடை பாறையை ஒட்டியே பறந்திருக்கும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் வீடியோவை மூன்று தடவை பார்த்தார். குடை திரும்புவதற்குப் பல காரணம் உண்டு, உடம்பு சாய்ந்திருக்கலாம், மடிப்பு கோணியிருக்கலாம் என்றார். அப்புறம் பைலட் சூட்டை என் கையில் கொடுத்து வண்டியில் ஏறச் சொன்னார். ஆளில்லாத வயல் ரோட்டில் அவர் ஓட்ட, நான் ஜன்னலுக்கு வெளியே நாடாவைப் பிடித்துக்கொண்டேன். வேகம் கூடக் கூட என் குடை நேராக நிற்காமல் வட்டமடித்தது, கயிற்றில் கட்டிய கன்றுக்குட்டி மாதிரி. பட்டறைக்கு வந்து தையலைப் பிரித்து அளந்தோம். நான்கு நாடாவில் ஒன்று மற்றதைவிட ஒரு சென்டிமீட்டர் குட்டை. ரவிக்கையில் ஒரு சென்டிமீட்டர் கூடக் குறைய இருந்தால் கொக்கியை நகர்த்தித் தைத்துவிடலாம். அன்றிலிருந்து எதைத் தைத்தாலும் தைப்பதற்கு முன்னால் ஒரு தடவை, தைத்த பிறகு ஒரு தடவை அளக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே பிடித்துப் பார்க்காமல் ஒரு பைலட் சூட்டும் என் பட்டறையை விட்டுப் போவதில்லை.

ஒட்டுப்போடுவது பற்றியும் கொஞ்சம். இங்கே பள்ளத்தாக்குச் சுவர் கறுப்பு எரிமலைப் பாறை, கத்தி மாதிரி இருக்கும். கரையில் இறங்கும்போது குடை உரசினால் கிழியும். போன மாதம் ஒருவர் நீலக் குடையின் அடித்துணியில் இரண்டு அங்குலக் கிழிசலோடு வந்தார். முதலில் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கிழிசலைச் சுற்றி ஊசிமுனை அளவு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். கண்ணுக்குத் தெரியும் கிழிசலைவிட அவைதான் ஏமாற்றும். இந்த நைலான் துணியில் குட்டிக் குட்டிக் கட்டங்கள் ஓடும், கிழிசல் பரவாமல் தடுக்கும் தடித்த இழைகள் அவை. ஒட்டுத்துணியின் கட்டங்கள் அடித்துணியின் கட்டங்களோடு நேராக நிற்க வேண்டும். பாவும் ஊடும் மாறினாலோ, குறுக்கு வாட்டில் வைத்தாலோ ஒட்டு மட்டும் தனியாக இழுபடும், குடையில் காற்று நிரம்பும் அந்த அறையின் உருவம் மாறிவிடும். ஓரத்தை உள்ளே மடித்துச் சுற்றிலும் இரட்டைத் தையல், அங்குலத்துக்கு 7-லிருந்து 11 வரை. ரொம்ப நெருக்கித் தைத்தால் ஊசித் துளைகளே தபால்தலை ஓரம் மாதிரி கிழித்துவிடும். என்னிடம் நீலத்துணி இல்லை, மஞ்சள்தான் இருந்தது. பரவாயில்லை, மஞ்சளே இருக்கட்டும், பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாறை ஞாபகம் வரும் என்றார்.

கிழிசல் கயிறு சேரும் இடத்தில் இருந்தால் நான் தொடமாட்டேன். தயாரித்தவர்களுக்கே அனுப்பச் சொல்லிவிடுவேன். இதில் சிலருக்கு என்மேல் கோபம்கூட உண்டு. இருக்கட்டும்.

* * *

அக்கா, அந்த ஒரு சென்டிமீட்டரை மறைக்காமல் எழுதினீர்களே, அதற்கே நன்றி. நான் சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கிறேன். விமானத்திலிருந்து 200 தடவைக்கு மேல் குதித்த பிறகுதான் பேஸ் பக்கம் வந்தேன். அதற்குக் குறைவாக இருந்தால் நல்ல ஆசிரியர் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

இங்கே லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்குதான் எல்லாருக்கும் தாய்வீடு. இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் புல்வெளி, மாடுகள். முதல் நாள் எனக்குக் குதிப்பதைப் பற்றிச் சொல்லித்தரவில்லை, புல்லைப் பற்றித்தான் சொல்லித்தந்தார்கள். நாம் இறங்கும் நிலம் விவசாயிகளுடையது. அந்தப் புல் குளிர்காலத்துக்கு மாட்டுக்குச் சேர்த்துவைக்கும் தீவனம். நெடுப்புல்லில் இறங்கி மிதித்துவிட்டால் நெல் வயலில் ஓடி விளையாடின மாதிரிதான். அதனால் குதிக்கிறவர்கள் எல்லாரும் ஓர் அட்டை வாங்கவேண்டும், அந்தப் பணம் நிலக்காரர்களுக்குப் போகிறது. குதிப்பதற்கு முன் ஹெலிகாப்டர் நிலையத்துக்கும் போன் செய்து சொல்லவேண்டும். ஒரு பொறுப்பற்ற ஆள் போதும், எல்லாருக்கும் சேர்த்து வாசலைச் சாத்திவிடுவார்கள். நார்வேயில் ட்ரோல் சுவர் என்ற செங்குத்துப் பாறை 1986-லிருந்தே பேஸ் ஜம்ப்புக்கு மூடிக் கிடக்கிறது.

எனக்கு மனதில் நிற்பது நான் குதிக்காத ஒரு நாள். ஐந்து பேர் ஒன்றரை மணி நேரம் ஏறினோம். விளிம்பில் நின்றால் கீழிருந்து காற்று முகத்தில் அடிக்கிறது. கொஞ்சம் நிற்கும், மறுபடி அடிக்கும். ஒருவர் புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தார், அது எங்கள் தலைக்கு மேலே பறந்தது. நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு உள்ளுக்குள் பயம்தான், ஆனால் 'நான் இறங்குகிறேன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. எங்களில் அதிகம் குதித்தவர், ஆயிரத்தைத் தாண்டியவர், ஒரு வார்த்தை பேசாமல் ஹெல்மெட்டைக் கழற்றி பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். அப்புறம் ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினார். அவ்வளவுதான், எல்லாரும் எழுந்தோம். நடந்தே இறங்கினோம். வழியெல்லாம் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் பேசிக்கொண்டே வந்தோம். அவர் குதித்திருந்தால் நானும் குதித்திருப்பேன், அது எனக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களோடு நான் ஏறும் நாட்களில் இதை மறப்பதே இல்லை.

நார்வேயின் ஷெராக் மலையில் 1995 முதல் 2005 வரை கணக்கெடுத்தார்கள். 20,850 குதிப்பு, 9 மரணம், காயத்தோடு தப்பிய விபத்து 82. ஏறக்குறைய 2,300 குதிப்புக்கு ஓர் உயிர். வீட்டில் யாராவது கேட்டால் இந்த எண்ணை நான் குறைத்துச் சொல்வதில்லை.

* * *

(முதலில் எழுதியவள்தான்.) தம்பி, நீங்கள் ஹெல்மெட்டைப் பற்றி எழுதியதைப் படித்ததும் இன்னொன்றையும் சொல்லவேண்டும் என்று தோன்றியது. என் பட்டறைக்கு வந்து "ஒரு நாளைக்கு உங்கள் ரிக்கைக் கொடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. ரிக் என்றால் முதுகில் மாட்டும் பையும் பாராசூட்டும் சேர்ந்தது. கொடுக்கமாட்டேன். அமெரிக்காவில் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் குதிப்பது தடை, பிடிபட்டால் சாமான் பறிபோகும். 1999 அக்டோபரில் அந்தத் தடையை எதிர்த்து ஐந்து பேர் அங்கே எல் கேப்பிட்டன் பாறையிலிருந்து வெளிப்படையாகக் குதிக்க முன்வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜான் டேவிஸ் என்ற 60 வயதுப் பெண்மணி, நல்ல அனுபவசாலி. தன்னுடையது பறிபோகுமே என்று இரவல் ரிக்கோடு குதித்தார். அவருக்குப் பழக்கம் பைலட் சூட்டை முதுகுப் பக்கத்திலிருந்து எடுப்பது, இரவல் ரிக்கில் அது காலில் இருந்தது. குடை விரியவே இல்லை.

அவர் திறமையைப் பற்றி யாரும் ஒரு சொல் குறைவாகப் பேசக்கூடாது. கை தன் பழக்கத்துக்குத்தான் போகும், நினைத்துப் பார்த்து இடம் மாற்றிக்கொள்ள அங்கே விநாடி இருக்காது. புது ரிக் வாங்குகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, வீட்டில் அதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி நூறு தடவை கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் என்பதுதான்.

* * *

நான் குதித்ததில்லை, அதனால் எழுதலாமா என்று யோசித்தேன். மடிக்கிறவர்களும் எழுதலாம் என்று அக்கா சொன்னதால் எழுதுகிறேன். கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தவள். 421 மீட்டர் உயரக் கே.எல். டவரில் நடக்கும் பன்னாட்டு பேஸ் ஜம்ப் நிகழ்ச்சியில் ஒரு வருடம் உதவிக்குப் போயிருந்தேன். முந்நூறு மீட்டர் உயரத் திறந்த தளத்திலிருந்து குதிப்பார்கள். சட்டப்படி, காவலர்கள் முன்னால், ஒரு நகரத்தின் நடுவில் இப்படிக் குதிக்கக் கிடைப்பதே பெரிய விஷயம் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

என் வேலை மடிக்கும் இடத்தில். தார்ப்பாயை விரித்து வரிசையாக உட்கார்ந்து மடிப்பார்கள். பத்துப் பதினைந்து நாட்டு ஆட்கள், ஆனால் எல்லாருடைய கையும் ஒரே மாதிரி அசையும். புழுக்கம் வேறு, சாயங்காலம் மழை வந்துவிடும் என்ற அவசரம் வேறு. மடிப்பு கலையாமல் இருக்க இடையிடையே கிளிப் மாட்டுவார்கள், துணி காயப்போடும் கிளிப் போல, கொஞ்சம் பெரிது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன், கழற்றியதை வாங்கி வைப்பேன்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், உதவிக்கொண்டிருந்தேன். ஆரம்பிக்கும் முன்னால் சிவப்புக் கிளிப்புகளைத் தார்ப்பாயில் அடுக்கி எண்ணச் சொன்னார். ஏழு. அரை மணி நேரம் மடித்தார். பையை மூடி ஊசியைச் செருகியாகிவிட்டது, மேலே போகும் லிஃப்ட்டுக்கு அவர் முறையைக் கூப்பிட்டும்விட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. கிளிப்புகளைக் காட்டினார். எண்ணினேன். ஆறு.

நான் தார்ப்பாயைத் தூக்கித் தேடப் போனேன். அவர் தேடவே இல்லை. ஊசியை உருவினார், பையைத் திறந்தார், அரை மணி நேர வேலை அத்தனையையும் தரையில் கொட்டி ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். உள்ளே ஒன்றும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. எழுந்து நின்றபோது என் பேன்ட் பாக்கெட்டில் ஏதோ குத்தியது. அவர் அவசரத்தில் நீட்டியதை வாங்கி நானே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளைத் தட்டி, "உள்ளே இல்லை, அது நல்ல செய்தி" என்றார். அவர் முறை போய்விட்டது, மழையும் வந்துவிட்டது, அன்றைக்கு அவர் குதிக்கவே இல்லை. மறுநாள் காலை என்னைத்தான் தேடி வந்து கூட்டிக்கொண்டு போனார். மடித்து முடித்ததும் எண்ணச் சொன்னார். ஏழு. இன்னொரு தடவை என்றார். ஏழு.