பார்வோ: மலப் பரிசோதனையா, இரத்த அறிக்கையா?

கேள்வி (மாங்குளம்): மூன்று மாத நாய்க்குட்டி. இரண்டு நாளாச் சத்தி, இரத்தக் கழிச்சல். மலப் பரிசோதனையில பார்வோ (நாயளின்ர வைரஸ் நோய்) இல்லையாம், ஆனா இரத்த அறிக்கையில வெண்குழியம் மைக்ரோலீற்றருக்கு 1,800. எதை நம்புறது?

பதில் (கிளிநொச்சி): பார்வோ எண்டே நினைச்சு வைத்தியம் பாருங்கோ. வெண்குழியம் வழமையா 6,000–17,000. வைரஸ் குடலையும் என்பு மச்சையையும் ஒருமிக்கத் தாக்கும், அதாலதான் நியூட்ரோபில், லிம்போசைட் எண்ட வெண்குழிய வகை இரண்டும் விழும். கழிச்சலில இரத்தத்தோட வாற பிறபொருளெதிரி வைரசை மூடினா, மலப் பரிசோதனைக் கிட் பொய்யா ‘இல்லை’ காட்டும். அடுத்த நாள் திரும்பச் செய்யுங்கோ, வசதியிருந்தா பிசிஆர் (வைரசின்ர மரபணுவைத் தேடுற பரிசோதனை). வெண்குழியத்தையும் நாளாந்தம் எண்ணுங்கோ. ஏறத் தொடங்கினா நல்ல அறிகுறி.

பதில் (வவுனியா): கிட்டடியில தடுப்பூசி போட்டிருந்தா பொய்யா ‘இருக்கு’ எண்டும் வரலாம். பிசிவி (இரத்தத்தில செங்குழியத்தின்ர வீதம்) கவனம்: நீர் வற்றினா கூடித் தெரியும், சேலைன் ஏறின பிறகுதான் கொழுக்கிப்புழுச் சோகை வெளிக்கும். குளுக்கோசும் பாருங்கோ. முடிவு வருமட்டும் சேலைனைப் பிந்த விடாதேங்கோ!