கிண்டிக்கு வயது என்ன?

குழு: தாத்தா வீட்டுக் கூட்டம்
வெள்ளிக்கிழமை

கவின் (மாலை 7:12): தாத்தா, ஒரு சந்தேகம். தமிழ்மொழி விழாவுக்காக எங்கள் தொடக்கக் கல்லூரியில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். தலைப்பு, ‘என் குடும்பத்தார் படித்த இடம்’. நீங்களும் சுதா அத்தையும் படித்த கிண்டி பொறியியல் கல்லூரியை எடுத்துக்கொண்டேன். ‘அண்ணா பல்கலைக்கழகம், 1978-இல் தொடங்கப்பட்டது’ என்று ஆரம்பித்திருக்கிறேன். சரிதானே?

தாத்தா (7:15): நான் சேர்ந்ததே 1964. அப்படியானால் நான் புளியமரத்தடியிலா படித்தேன்?

கவின்: 😬

சுதா அத்தை (7:18): அப்பா, பிள்ளையை மிரட்டாதீர்கள். கவின், பல்கலைக்கழகம் 1978 என்பது சரி. கிண்டிக் கல்லூரி, ஏ.சி. டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, கட்டடக் கலைப் பள்ளி என்று ஏற்கெனவே இருந்த நான்கைச் சேர்த்துத்தான் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். கல்லூரிக்கு வயது அதைவிட ரொம்ப அதிகம்.

தாத்தா (7:26): எழுதிக்கொள். 1794, மே மாதம். சென்னைக் கோட்டையில் ஒரு சர்வே பள்ளி. ஆரம்பித்து வைத்தவர் மைக்கேல் டாப்பிங். மாணவர்கள் எட்டே பேர். ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் நம் சிங்கப்பூரில் கால் வைத்தது 1819. அதாவது இந்த ஊருக்கு அவர் வருவதற்கு 25 வருடம் முன்பே எங்கள் காலேஜ் இருந்தது. இதைத்தான் நீ முதல் வரியாகச் சொல்ல வேண்டும். மேடையில் ஒரு கைத்தட்டல் நிச்சயம்.

பாலா மாமா (7:31): மாமா, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். சர்வே பள்ளி வேறு, பொறியியல் கல்லூரி வேறு. நிலம் அளக்கப் பழக்கிய இடத்தைப் பொறியியல் கல்லூரி என்று எப்படிக் கணக்கில் சேர்ப்பது? முழுக்க முழுக்க பொறியியலுக்கென்றே தொடங்கியது வட இந்தியாவின் ரூர்க்கிக் கல்லூரி. 1847. கங்கைக் கால்வாய் வெட்ட ஆள் வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். 1854-இல் கால்வாயில் தண்ணீரும் விட்டுவிட்டார்கள்.

சுதா அத்தை: இதோ வந்துவிட்டார். ரூர்க்கியில் எம்.டெக் படித்தது இரண்டு வருடம். பேசுவது இருபது வருடமாக.

கீதா: 😂😂 அண்ணா, வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சியா?

தாத்தா (7:40): மாப்பிள்ளை சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பெயரில் ‘எஞ்சினியரிங்’ என்று வந்தது 1858, 1861 வாக்கில்தான். ஆனால் டாப்பிங் நிலத்தை மட்டும் அளந்தவர் இல்லை. ஏரி, வாய்க்கால்களைப் பழுது பார்க்கும் பொறுப்பும் அவரிடம் இருந்தது. கிருஷ்ணா, கோதாவரிப் பக்கம் போய் ஆற்று மட்டம் பார்த்தவர். அது பொறியியல் இல்லாமல் வேறு என்ன?

பாலா மாமா: அது அவர் செய்த வேலை மாமா. பள்ளியில் சொல்லிக் கொடுத்தது எது என்பதுதான் என் கேள்வி.

சுதா அத்தை (7:52): எனக்கு இந்தச் சண்டையில் சுவாரஸ்யம் இல்லை. அந்த எட்டுப் பேர் யார் என்பதுதான் சுவாரஸ்யம். மதராஸில் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த வெள்ளைக்காரர்களின் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். அவர்களில் கெட்டிக்காரப் பையன்களைத்தான் இந்தப் பள்ளிக்கு எடுத்தார்கள். கம்பெனி கைக்குப் புதிது புதிதாக நிலம் வந்துகொண்டிருந்தது. வரி போட வேண்டும் என்றால் வரைபடம் வேண்டும். இங்கிலாந்திலிருந்து அதிகாரிகளை வரவழைத்தால் செலவு அதிகம். இந்தப் பையன்கள் மலிவு. கல்வித் தொண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதே கவின். வரி வசூலுக்கான ஏற்பாடு அது.

தாத்தா: அதைப் போய் மேடையில் சொல்வானேன்?

சுதா அத்தை: ஏன் சொல்லக் கூடாது? உண்மைதானே அப்பா.

கவின் (7:58): அத்தை, அந்த டாப்பிங் பற்றி இன்னும் கொஞ்சம்?

தாத்தா (8:09): நான் சொல்கிறேன். கடற்கரையை அளக்க வந்தவர். நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் கட்டியவரும் அவர்தான், 1792-இல். கருவியைப் பொருத்துவதற்கு ஒரு பெரிய கருங்கல் தூண் நிறுத்தினார்கள். அது இன்றும் நுங்கம்பாக்கம் வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. அதில் லத்தீனோடு தமிழிலும் தெலுங்கிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். நீ தமிழில் பேசப்போகிறாய், இது உனக்குப் பொருத்தம். பாவம், மனிதர் பள்ளி தொடங்கி இரண்டு வருடத்தில் மசூலிப்பட்டினத்தில் இறந்து போனார். பிறகு அவருடைய உதவியாளர் கோல்டிங்ஹாம் பள்ளியைப் பார்த்துக்கொண்டார்.

பாட்டி (8:11): 🎤 குரல் பதிவு 0:19

கீதா (8:12): குரல் பதிவைக் கேட்க முடியாதவர்களுக்காக எழுதிவிடுகிறேன். அத்தை சொல்வது: “ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட வருகிறீர்களா இல்லையா? தேக்கா சந்தையில் ஆட்டுக்கறிக்குச் சொல்லி வைக்க வேண்டும். தூணைப் பற்றி அப்புறம் பேசலாம்.”

பாலா மாமா: வருகிறோம் அத்தை. நான்கு பேர்.

கீதா: நாங்களும்.

கவின் (8:20): தாத்தா, உங்கள் படிப்பு எப்படி இருந்தது? சர்வே நீங்களும் படித்தீர்களா?

தாத்தா (8:41): படிக்காமலா! சிவில்காரனுக்குச் சர்வே கேம்ப் என்பது ஒரு சடங்கு மாதிரி. கூட்டமாகக் கிளம்பிப் போய்க் கூடாரம் போட்டு, செயின், கோணம் அளக்கும் தியோடலைட், அளவு குறித்த ஸ்டாஃப் கம்பு எல்லாம் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைய வேண்டும். செயின் என்றால் 66 அடி இரும்புச் சங்கிலி, 100 கண்ணி. 10 சதுர செயின் சேர்ந்தால் ஒரு ஏக்கர். நம் ஊர்ப் பக்கம் ‘சென்ட்’ என்று நிலம் பேசுகிறோமே, ஏக்கரில் நூறில் ஒரு பங்கு. ஒரு சதுர செயின் சரியாக 10 சென்ட்.

ஒரு புள்ளியில் தொடங்கி ஊரைச் சுற்றி அளந்துகொண்டே போய்த் தொடங்கிய புள்ளிக்கே திரும்ப வேண்டும். தாளில் போட்டுப் பார்த்தால் கோடும் வந்து அதே புள்ளியில் முட்ட வேண்டும். முட்டாது. ஓர் இடைவெளி நிற்கும். அதற்கு ‘குளோசிங் எரர்’ என்று பெயர். அளவுக்கு மேல் போனால் திரும்பப் போய் அளக்க வேண்டும். வெயிலில் யார் போவது? அதனால் கூடாரத்துக்குள் உட்கார்ந்து எண்களைச் சமைப்பார்கள். ‘குக்கிங்’ என்றே சொல்வோம். கோணங்களைக் கூட்டினால் ஒரு நொடி பிசகாமல் வரும். அங்கேதான் மாட்டுவார்கள். உண்மையாக அளந்தவன் கணக்கில் சின்னப் பிசகு இருந்தே தீரும். மிகச் சரியாக வந்த ஃபீல்டு புக்கைத்தான் எங்கள் பேராசிரியர் முதலில் எடுத்து ஓரமாக வைப்பார்.

கவின்: 😂 இது நன்றாக இருக்கிறது தாத்தா! நீங்கள் சமைத்தீர்களா?

தாத்தா: எனக்குச் சமையல் தெரியாது.

பாட்டி: 🎤 குரல் பதிவு 0:06

கீதா: அத்தை பலமாகச் சிரிக்கிறார். வேறொன்றும் இல்லை.

சுதா அத்தை (8:55): நான் படித்தபோது நுழைவுத் தேர்வு இருந்தது. அதில் ஒரு மதிப்பெண் போனால் எத்தனை பேர் நம்மைத் தாண்டிப் போவார்கள் என்று கணக்குப் போட்டே தூக்கம் கெட்ட வயது. 2007 சேர்க்கையிலிருந்து அந்தத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். உள்ளே போன பிறகு செமஸ்டர், இன்டர்னல், லேப் ரெக்கார்டு, வைவா, அரியர். பிப்ரவரி வந்தால் டெக்கோஃபெஸ் என்ற கல்லூரிக் கலைவிழா. சிவப்புக் கட்டடத்து மணிக்கூண்டுக்குக் கீழே நின்று எடுத்த படம் இல்லாத கிண்டிக்காரர் யாரும் இருக்க முடியாது. 1920-இல் சேப்பாக்கத்திலிருந்து கிண்டிக்கு வந்தபோது கட்டியது அது.

பாலா மாமா: அந்தப் படம் எங்கள் வீட்டு வரவேற்பறையிலேயே மாட்டியிருக்கிறது. கல்யாணப் படம் உள்ளறையில்.

தாத்தா (9:02): பெரிய ஆட்களையும் சொல்ல வேண்டும் கவின். அமுல் வர்கீஸ் குரியன் கிண்டியில் மெக்கானிக்கல். 1994-இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது வாங்கிய ராஜ் ரெட்டி எங்களைப் போலவே சிவில், 1958. அப்புறம் வெங்கட்ராகவன், ஸ்ரீகாந்த். கிரிக்கெட்டில் இரண்டு பேர்!

கவின்: தாத்தா, என் வகுப்பில் பாதிப் பேருக்கு கிரிக்கெட்டே தெரியாது 😅

தாத்தா: அது அவர்கள் துரதிர்ஷ்டம்.

சுதா அத்தை (9:20): கவின், பெயர்ப் பட்டியல் வாசித்தால் இரண்டாவது நிமிடத்தில் எல்லாரும் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். ஒரே ஓர் ஆளைப் பற்றிச் சொல். லலிதா. இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவர். மின்பொறியியலில் முதல் பெண் என்றே வைத்துக்கொள்.

சென்னையில் தெலுங்குக் குடும்பம். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்துவிட்டார், கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெண்ணை வீட்டு மூலையில் உட்கார வைப்பார்கள் என்று பாட்டியைக் கேட்டால் சொல்வார். அவருடைய அப்பா பாப்பு சுப்பா ராவ் கிண்டியிலேயே எலெக்ட்ரிக்கல் பேராசிரியர். கல்லூரி முதல்வர் சாக்கோவிடம் பேசி அனுமதி வாங்கினார். 1940-இல் லலிதா சேர்ந்தார். அத்தனை பையன்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெண்.

பெண்களும் சேரலாம் என்று அறிவித்த பிறகு, அடுத்த வருடம் லீலாம்மா ஜார்ஜ், தெரசியா என்று இரண்டு பேர் சிவிலில் வந்தார்கள். பட்டச் சான்றிதழ் கொடுக்கும்போதுதான் ஒரு சிக்கல். அச்சடித்த தாளில் ‘அவன்’ என்றுதான் இருந்தது, ஆங்கிலத்தில். பெண் வருவாள் என்று யாரும் நினைத்து அச்சடிக்கவில்லை. அதைப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

கீதா: அடக் கடவுளே. புதிதாக ஒரு தாள் அச்சடிக்க முடியாதா?

சுதா அத்தை (9:24): அடித்து எழுதியதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. புதிதாக அச்சடித்திருந்தால் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. பிறகு அவர் கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் மின்கடத்தல் பாதைகளுக்கு வடிவமைப்பு செய்தார், பக்ரா நங்கல் அணைக்கானது உட்பட. 1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர்களின் முதல் உலக மாநாட்டுக்கும் போனார். தெரசியா கேரளப் பொதுப்பணித் துறையில் தலைமைப் பொறியாளர் ஆனார்.

தாத்தா (9:30): சுப்பா ராவ் பெயரை எங்கள் காலத்தில் பெரியவர்கள் மரியாதையோடு சொல்வார்கள். ஆனால் நான் படித்தபோதும் பெண்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். சிவில் வகுப்பில் எங்களோடு யாரும் இல்லை.

சுதா அத்தை: இப்போது என் அணியில் மூன்று பெண்கள் அப்பா. ரயில் நின்ற பிறகு நள்ளிரவில் தண்டவாளத்தில் இறங்கி மின்சாரம் சோதிக்கிற வேலை.

கவின் (9:37): அத்தை, ஒரு கேள்வி. அங்கே தமிழிலேயே பொறியியல் படிக்க முடியுமா? ஆசிரியர் கேட்டால் சொல்லலாம்.

சுதா அத்தை: 2010-இல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழ்வழியில் தொடங்கினார்கள். பாடத்தைவிட வேலைக்கான நேர்காணல்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பயம்.

பாலா மாமா (9:45): கவின், சிங்கப்பூர்த் தொடர்பு ஒன்று தரட்டுமா? சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்தில் வெள்ளையாக நிற்கிறதே செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம். 1856-இல் அடிக்கல் நாட்டினார்கள். வடிவமைத்த மேக்பர்சன் மதராஸ் பீரங்கிப் படை அதிகாரி. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். சுவரில் பூசியது மதராஸ் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் கலந்து அரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கியது.

தாத்தா: பார்த்தாயா! எல்லாம் மதராஸ் சரக்கு. இதையும் சேர்த்துக்கொள்.

சுதா அத்தை (9:50): சேர்க்காதே கவின். தேவாலயம் அருமையான கதை, ஆனால் அது கிண்டிக் கதை இல்லை. மேக்பர்சன் படை அதிகாரி, நம் கல்லூரி மாணவர் இல்லை. மதராஸ் என்ற ஒரு பெயரை வைத்து இரண்டையும் முடிச்சுப் போட்டால் விவரம் தெரிந்தவர் ஒருவர் கேட்டுவிடுவார்.

பாலா மாமா: என் மனைவி என் பேச்சை வெட்டுவதில் ரூர்க்கியா கிண்டியா என்று பாகுபாடு பார்ப்பதில்லை.

கவின் (10:15): முடிவு செய்துவிட்டேன். 1794-ஐயும் எட்டுப் பேரையும் அரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன், யார் அந்தப் பிள்ளைகள் என்பதோடு. தாத்தாவின் சமையல் ஒரு நிமிடம். மீதி முழுக்க லலிதா, அந்தச் சான்றிதழ்.

தாத்தா (10:18): ராஃபிள்ஸுக்கு 25 வருடம் முன்னால் என்பதைச் சொல்வாய் அல்லவா?

கவின்: சொல்கிறேன் தாத்தா. ஒரே ஒரு தடவை.

தாத்தா: அது போதும். மாப்பிள்ளை, ரூர்க்கி 1847 என்பதை நான் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசுவோம்.

பாலா மாமா: வருகிறேன் மாமா. வங்காளத்து ஷிப்பூர் பொறியியல் கல்லூரியில் படித்தவர் ஒருவர் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறார். தங்கள் கல்லூரி 1856 என்பார். அவரையும் அழைத்து வரட்டுமா?

பாட்டி (10:24): 🎤 குரல் பதிவு 0:11

கீதா: அத்தை சொல்வது: “அழைத்து வாருங்கள். ஆனால் அவர் ஆட்டுக்கறி சாப்பிடுவாரா என்று இன்றைக்கே கேட்டுச் சொல்லுங்கள். நாளைக் காலையில் கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.”

சுதா அத்தை (10:31): கவின், எழுதி முடித்ததை நாளை மாலை ஆறு மணிக்குள் அனுப்பு. அதன் பிறகு என்றால் நான் தண்டவாளத்தில் இருப்பேன்.

கவின்: 👍 சரி அத்தை.