ராபர்ட்சோனியன் ஃப்யூஷன்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புடையீர்,

இளங்கலை விலங்கியலுக்கு ஓர் அத்தியாயம் மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். வீட்டுச் சுண்டெலிக்கு 40 குரோமோசோம்கள். எல்லாவற்றிலும் சென்ட்ரோமியர், அதாவது செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்திழுக்கும் இடம், ஒரு நுனியில்தான். சுவிட்சர்லாந்தின் போஸ்கியாவோ பள்ளத்தாக்குச் சுண்டெலிக்கோ 26. மதீரா தீவில் 22 வரை இறங்குகிறது. டி.என்.ஏ. பெரிதாகக் குறையவில்லை. இரண்டிரண்டு குரோமோசோம்கள் சென்ட்ரோமியர்ப் பக்கமாக ஒட்டி ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான். இந்த ஒட்டுதலுக்கு ஒரு சொல் தாருங்கள். ‘இணைவு’ வேண்டாம், விந்தும் முட்டையும் சேர்வதற்கு முந்தைய அத்தியாயத்தில் அதைப் போட்டாயிற்று.

> ஒட்டுதலுக்கு ஒரு சொல் தாருங்கள்

‘புணர்ப்பு’ இருக்கக் கவலை ஏன் அம்மா? மரம், வேர் இரண்டும் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகரம் கெடுகிறது. இங்கும் ஒட்டுமிடத்தில் நுனித் துணுக்குகள் கெடுகின்றன. ஆகவே ‘கெடுபுணர்ப்பு’. தோன்றலும் திரிதலும் வேறு வகை மாற்றங்களுக்கு உதவும். கடலுக்குப் புணரி என்ற பெயர்கூட அலையோடு அலை புணர்வதால் வந்தது என்பது என் துணிபு. அதைத் தனி மடலில் விரிக்கிறேன்.

> ஆகவே ‘கெடுபுணர்ப்பு’

ஐயா, இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் வகுப்பை விட்டு வெளியே வர வேண்டாமா? சிரித்தால்கூடப் போகட்டும். அடுத்த பத்தியிலேயே, இந்த இரு வகை எலிகள் புணர்ந்து பிறக்கும் கலப்புக் குட்டிகளுக்கு இனப்பெருக்கத் திறன் குறையலாம் என்று வருகிறது. எந்தப் புணர்ச்சி எது என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

> பிள்ளைகள் கேட்பார்கள்

குரோமோசோமுக்கு இலங்கையில் நாங்கள் படித்தது நிறமூர்த்தம். சென்ட்ரோமியரிலிருந்து நீளும் அதன் புயங்கள் பொருந்துவதால் ‘புயப்பொருத்து’ எனலாமே?

> ‘புயப்பொருத்து’ எனலாமே

புயம் வடசொல். மூர்த்தமும்தான். ‘தோட்சேர்க்கை’ என்க.

> ‘தோட்சேர்க்கை’ என்க

தோட்டச் சேர்க்கை என்று படித்துவிட்டேன்! சொல் எதுவானாலும் ஒன்றைக் கவனியுங்கள். குரோமோசோம் எண்ணிக்கை வேறு, ஜீனோம் அளவு, அதாவது மொத்த டி.என்.ஏ. அளவு, வேறு. அர்ஜென்டினாவின் டிம்பனாக்டோமிஸ் எலிக்கு 102 குரோமோசோம்கள், உறவுக்கார ஆக்டோமிஸுக்கு 56. அங்கே டி.என்.ஏ.வே ஏறத்தாழ இரட்டிப்பு. குரோமோசோம்களின் முழுத் தொகுதியும் இரண்டு மடங்கானது என்று 1999-இல் அறிவித்தார்கள். 2005-இல் குரோமோசோம்களுக்கு நிறமேற்றிப் பார்த்தவர்கள் அதை மறுத்தார்கள். திரும்பத் திரும்ப வரும் துண்டுகள் பெருகியதே காரணம் என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் சுண்டெலிக் கதையில் பெருக்கமே இல்லை. அப்புறம், இந்த ஒட்டுதலுக்குப் பெயர் தந்த விலங்கியலாளர் ராபர்ட்சன் 1916-இல் இதை எழுதியது வெட்டுக்கிளிகளை வைத்து, எலியை வைத்தல்ல. அவர் பெயரையாவது விட்டுவையுங்கள்.

> அவர் பெயரையாவது விட்டுவையுங்கள்

சரி, ‘ராபர்ட்சன் பிணைவு’ என்று போட்டு அனுப்புகிறேன். மூன்று பேர் தனிமடலில் ஒப்புக்கொண்டார்கள். குரோமோசோம் குரோமோசோமாகவே இருக்கட்டும்.

> ‘ராபர்ட்சன் பிணைவு’

பிணைதல் மட்டும் கலவியைக் குறிக்காதாக்கும்? கெட்டதைச் சொல்லாத சொல் அரைச்சொல். அடிக்குறிப்பிலாவது கெடுபுணர்ப்பைச் சேர்த்துவிடுங்கள் அம்மா. புணரி பற்றிய மடல் நாளை வரும்.