சிலம்பொலி நின்ற இடம் சிருங்கேரியா, கொல்லூரா?

அல்சூர்வாசி எழுதியது:

பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் பிள்ளைகளின் வித்யாரம்பத்துக்குச் சிருங்கேரிக்கோ கொல்லூருக்கோ செல்வது இங்குள்ளோர் அறிந்ததே. எங்கள் மகளுக்கு வருகிற விஜயதசமியை ஒட்டிச் சிருங்கேரியில் எழுத்தறிவிக்க முடிவு செய்திருக்கிறோம். புறப்படுவதற்கு முன் தலவரலாற்றை அவளுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பெரியவர்களைக் கேட்டபோதுதான் ஐயம் எழுந்தது.

என் மாமியார் சொன்ன கதை இது. ஆதிசங்கரரோடு வாதிட்ட மண்டனமிசிரர் என்னும் அறிஞரின் மனைவியான உபயபாரதி சரஸ்வதியின் அவதாரம். வாதம் முடிந்தபின் அவள் ஆதிசங்கரரைப் பின்தொடர்ந்து வர இசைந்தாள். ஆனால் அவர் எங்கே திரும்பிப் பார்க்கிறாரோ அங்கேயே நின்றுவிடுவதாக நிபந்தனை விதித்தாள். துங்கைக் கரை மணலில் பாதம் புதைந்து சிலம்பொலி அடங்கியது. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் அங்கேயே சாரதையாக நிலைகொண்டாள். எங்கள் அடுத்த வீட்டிலிருக்கும் பாலக்காட்டு அம்மையாரோ இதே கதையைக் கொல்லூர் மூகாம்பிகையின் வரலாறாகச் சொல்கிறார். அதில் சங்கரர் குடசாத்ரி மலையில் தவமிருந்து தேவியைக் கேரளத்துக்கு அழைத்துச் செல்கிறார். கொல்லூரில் சிலம்பொலி நிற்கிறது.

இக்கதை உண்மையில் எந்தத் தலத்துக்கு உரியது? பாம்பு தவளைக்குக் குடை பிடித்த கதையும் சிருங்கேரிக்குச் சொல்லப்படுகிறதே, அது இதனோடு எவ்வாறு பொருந்துகிறது? சங்கரர் நிறுவிய சந்தனத் திருமேனியைத்தான் இன்றும் நாம் தரிசிக்கிறோமா? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சங்கரபுரம் வாசகர் எழுதியது:

அம்மா, சிருங்கேரியைப் பொறுத்தவரை தவளைக் கதையே முதன்மையானது என்பது என் கருத்து. நண்பகல் வெயிலில் துங்கைக் கரையில் ஈனும் வேதனையில் துடித்துக்கொண்டிருந்த தவளை ஒன்றுக்கு, அதைப் பிடித்து விழுங்க வேண்டிய நாகமே படம் விரித்து நிழல் தந்து நின்றதைச் சங்கரர் கண்டார். பிறவிப் பகையும் அடங்கிப் போகும் இந்த மண்ணில்தான் முதல் மடம் அமைய வேண்டும் என்று உறுதி கொண்டு, அங்கே ஒரு பாறையில் ஸ்ரீசக்கரம் வரைந்து, அதன்மேல் சந்தன மரத்தாலான சாரதையை எழுந்தருளச் செய்தார் என்பது மடத்தின் மரபு. துங்கைப் படித்துறையில் இருக்கும் கப்பெ (கன்னடத்தில் தவளை) சங்கரர் சன்னதி இந்நிகழ்ச்சியின் நினைவாகவே வணங்கப்படுகிறது.

உபயபாரதியின் கதைக்கு மாதவீய சங்கரவிஜயம் என்னும் வடமொழி நூல் இடம் தருகிறது. அதைச் சிருங்கேரிப் பீடத்தில் இருந்த வித்யாரண்யரே இயற்றினார் என்பது மரபு. ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. சங்கரருக்கும் மண்டனமிசிரருக்கும் நடந்த வாதத்துக்கு நடுவராக அமர்ந்தவள் மண்டனரின் மனைவியே. இருவர் கழுத்திலும் மாலை அணிவித்து, எவருடைய மாலை முதலில் வாடுகிறதோ அவர் தோற்றவர் என்று அவள் வகுத்தாள். கணவரின் மாலை வாடியது. தன் கணவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லத் தயங்காத இந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சாரதையைக் கலைமகளாக மட்டுமன்றி நடுநிலையின் தெய்வமாகவும் வணங்க இந்த ஒரு காட்சியே போதும். அதன்பின் அவளும் வாதிட்டது, சங்கரர் அரசன் ஒருவனின் உடலில் புகுந்து மீண்டது ஆகியவற்றை மகள் வளர்ந்தபின் சொல்லிக்கொள்ளலாம். மண்டனர் துறவு பூண்டு சுரேசுவரர் ஆனார் என்றும், உபயபாரதி சாரதையாகச் சிருங்கேரியில் எழுந்தருள இசைந்தாள் என்றும் வரலாறு முடிகிறது.

சிலம்பொலியைக் கொல்லூருக்கு உரியதாகவே கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். மலையாள பக்தர்கள் இத்தனை பேர் வணங்கும் தேவி ஏன் கன்னட நாட்டில் இருக்கிறாள் என்ற கேள்விக்கு அங்கே ஒரு விடை தேவைப்பட்டது. கேரளம் நோக்கிய பயணம் இடையில் நின்றது என்பது அந்த விடை. சோற்றானிக்கரையில் தேவி விடியற்காலையில் சரஸ்வதியாக வழிபடப்படுவதையும், விடியலில் அங்கே இருப்பதாகத் தேவி சங்கரருக்குத் தந்த வாக்குறுதியோடு சேர்த்தே கேரளத்தார் சொல்வார்கள். சிருங்கேரிக்கோ, இந்த இடம் ஏன் என்ற கேள்விக்குத் தவளையும் நாகமும் முன்பே விடை சொல்லிவிட்டன.

மலைநாட்டு யாத்ரீகர் எழுதியது:

முந்தைய பதிலில் தவளைக் கதைக்குத் தந்த முதன்மையை ஏற்கிறேன். சிலம்பொலியைக் கொல்லூருக்கு மட்டும் எழுதிவைப்பதை ஏற்க இயலவில்லை.

கொல்லூரிலும் சங்கரருக்கு முற்பட்ட தலக்கதை உண்டு. கோல மகரிஷி தவம் செய்த இடம் அது. கடுந்தவத்தால் வரம் பெறவிருந்த அசுரனைத் தேவி ஊமையாக்கி, பின்னர் வதைத்து, மூகாம்பிகை என்று பெயர் பெற்றாள். கருவறையில் இருக்கும் சுயம்பு லிங்கத்தைப் பொன் ரேகை ஒன்று இரண்டாகப் பிரிக்கிறது. அதன் இடப்பாகத்தில் கலைமகள், அலைமகள், மலைமகள் மூவரும் உறைவதாக நம்புகிறார்கள். ஆகவே சங்கரர் வருவதற்கு முன்பே தேவி அங்கே இருக்கிறாள். லிங்கத்துக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பஞ்சலோகத் திருமேனியைச் சங்கரர் நிறுவினார் என்பதற்கே சிலம்பொலிக் கதை விளக்கமாகிறது.

சிருங்கேரியையும் இவ்வாறே பாருங்கள். அந்த ஊருக்குப் பெயர் தந்தவர் ரிஷ்யசிருங்கர். மழையே காணாத அங்க நாட்டில் காலடி வைத்தவுடன் மழை பொழியச் செய்தவர், தசரதனின் புத்திரகாமேஷ்டி வேள்வியை நடத்தியவர் என்று இராமாயணம் போற்றும் முனிவர். அவருடைய தந்தை விபாண்டகரின் நினைவைச் சுமந்து ஊர் நடுவே ஒரு குன்றில் மலஹானிகரேசுவரர் கோயில் நிற்கிறது. ரிஷ்யசிருங்கருக்கோ சற்றுத் தொலைவில் கிக்காவில் கோயில் இருக்கிறது. சாரதை வருவதற்கு முன்பே அது சிவத்தலம், மழை வேண்டுவோர் நாடும் தலம்.

இரண்டு ஊர்களிலும் பழைய வழிபாடு ஒன்று இருக்க, அதன்மேல் அறிவின் தெய்வம் ஒரு துறவியின் பின்னால் நடந்து வந்து சேர்கிறாள். வேற்றிடத்திலிருந்து வந்த தெய்வம் என்பதை மக்கள் மறைக்கவில்லை. அவள் தன் விருப்பத்தால் வந்தாள், தன் நிபந்தனையால் நின்றாள் என்று இரு ஊர் மக்களும் பெருமையாகவே சொல்கிறார்கள். ஆகும்பே வழியாக மலை இறங்கினால் ஒரே நாளில் இரு கோயில்களையும் தரிசித்துவிடலாம். காலங்காலமாக யாத்ரீகர்கள் நடந்த இந்த நிலப்பரப்பில் ஒரு கதை இரு கருவறைகளிலும் தங்கியதில் முரண்பாடு ஏதும் எனக்குத் தெரியவில்லை. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் சென்றது என்று தீர்ப்புச் சொல்ல ஏட்டுச் சான்றைத் தேடுவதைவிட, உங்கள் மாமியார் சொன்ன கதையையும் அடுத்த வீட்டு அம்மையார் சொன்ன கதையையும் மகளுக்குச் சேர்த்தே சொல்லுங்கள்.

அல்சூர்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கணவரின் மாலை வாடியதைக் கண்டு தீர்ப்புச் சொன்ன உபயபாரதியிலிருந்தே கதையைத் தொடங்கப் போகிறேன். அந்தப் பகுதி என் மகளுக்கு நிச்சயம் பிடிக்கும். சந்தனத் திருமேனியைப் பற்றிய ஐயம் மட்டும் இன்னும் நீங்கவில்லை.

கல்வெட்டு ஆர்வலர் எழுதியது:

அம்மா, இன்று கருவறையில் நீங்கள் தரிசிக்கப் போவது பொன் திருமேனி. சந்தனத் திருமேனிக்குப் பதிலாக இதை எழுந்தருளச் செய்தவர்கள் 14ஆம் நூற்றாண்டில் பீடத்தில் இருந்த பாரதி தீர்த்தரும் வித்யாரண்யரும் என்பது மடத்தின் மரபு. மடத்தைப் பற்றிய உறுதியான கல்வெட்டுச் செய்திகளும் அந்த நூற்றாண்டில்தான் பெருகுகின்றன. விஜயநகரத்தை நிறுவிய ஹரிஹரனும் தம்பியரும் சிருங்கேரிக்கு வந்து நிலக்கொடை அளித்ததை 1346ஆம் ஆண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. சாரதாம்பாள் சன்னதிக்கு அருகிலேயே இருக்கும் வித்யாசங்கரர் கோயில் அக்காலத்தது. பன்னிரண்டு ராசிகளுக்கும் ஒவ்வொன்றாகத் தூண்கள் அமைந்த அந்த மண்டபத்தைக் குழந்தைக்கு அவசியம் காட்டுங்கள்.

சாரதாம்பாள் கோயிலோ நெடுங்காலம் மரத்தாலும் ஓட்டாலும் ஆன எளிய கட்டடமாகவே இருந்தது. இப்போதுள்ள கற்கோயிலின் குடமுழுக்கு 1916இல் நடைபெற்றது. அதே ஆண்டில், மைசூர் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த ஆர். நரசிம்மாசார் மடத்தில் திப்பு சுல்தானின் கடிதங்களைக் கண்டெடுத்தார். 1791இல் மராட்டியப் படையைச் சேர்ந்த கொள்ளைக் கூட்டம் மடத்தைச் சூறையாடி, சாரதையின் திருமேனியையும் இடம்பெயர்த்தது. அப்போது பீடத்தில் இருந்த சச்சிதானந்த பாரதி கார்க்களத்துக்குச் சென்று தங்க நேர்ந்தது. அவர் எழுதிய முறையீட்டுக்கு வருந்தி மறுமொழி அனுப்பிய திப்பு, தேவியை மீண்டும் நிறுவுவதற்குப் பணமும் பொருளும் கொடுக்கும்படி தன் அதிகாரிக்கு ஆணையிட்டதை அக்கடிதங்களில் காணலாம். சிலம்பொலிக் கதையில் தன் விருப்பப்படி நின்ற தேவியை மனிதர்கள் பெயர்த்ததும், வேறு சமயத்தைச் சேர்ந்த அரசர் ஒருவர் மீண்டும் அமர்த்தத் துணை நின்றதும் தலவரலாற்றில் சேர வேண்டியவை என்றே நான் கருதுகிறேன்.

இன்னொரு செய்தியும் உண்டு. சங்கரர் எல்லாம் அறிந்தோர்க்கு உரிய இருக்கையான சர்வக்ஞ பீடம் ஏறியதாகச் சொல்லப்படும் காஷ்மீரத்துச் சாரதா பீடம் கிஷன்கங்கை ஆற்றங்கரையில், இந்திய-பாகிஸ்தான் எல்லைக் கோட்டுக்கு அப்பால் இடிபாடாகக் கிடக்கிறது. இப்பால் உள்ள தீத்வாலில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட சாரதா கோயிலில் இருப்பது சிருங்கேரி மடம் வழங்கிய பஞ்சலோகத் திருமேனியே.

விஜயதசமி நாளில் கூட்டம் மிகுதியாக இருக்கும். அட்சராப்பியாசம் மற்ற நாள்களிலும் செய்விக்கப்படுவதால், ஓரிரு நாள் தள்ளிச் சென்றாலும் குறையில்லை. கப்பெ சங்கரர் சன்னதி ஆற்றுப் படிகளை ஒட்டித் தாழ்வாக இருக்கிறது. துங்கையில் நீர் மிகுந்தால் மூழ்கிவிடும். ஆகவே மழை நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.