அம்மாவோட பழைய புடவைல போர்வை தைக்கணும், ஆனா கத்திரிக்கோல் படக்கூடாதாம்!

தண்டையார்பேட்டை பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. அம்மா இருக்குற ஹவுசிங் போர்டு வீட்டை இடிச்சுக் கட்டப் போறாங்கன்னு காலி பண்ணச் சொல்லிட்டாங்க, வாடகை வீட்டுல பீரோ வெக்கவே இடமில்ல, சரின்னு பரண்ல இருந்த டிரங்குப் பெட்டிய இறக்கினா உள்ள பூரா புடவை. காட்டன்தான் ஜாஸ்தி, சுங்குடி, கைத்தறி, நடு நடுவுல அந்தக் காலத்து நைலக்ஸ், ரெண்டு மூணு பட்டு. மடிப்புலல்லாம் நைஞ்சு போயிருக்கு, இனிமே கட்ட முடியாது, பாத்திரக்காரன்கிட்ட போடவும் மனசு வரல. எங்கண்ணன் பசங்க, என் பசங்க எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு போர்வை, மிச்சம் இருக்குறதுல கதவு ஸ்கிரீன், தலகாணி உறைன்னு ஏதாச்சும் தைக்கலாம்னு ஆசை. அண்ணிக்கு ரெண்டாவது குழந்தை பொறக்கப் போகுது, அதுக்கும் குட்டியா ஒண்ணு.

சிக்கல் என்னன்னா நான் கத்திரிக்கோல கையில எடுத்தாலே அம்மா கத்துறாங்க, "நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கும்போதே என் புடவைய கிழிப்பியாடி"ன்னு. யூடியூப்ல பார்த்தா எல்லாரும் சதுரம் சதுரமா வெட்டித்தான் ஒட்டுறாங்க, நடுவுல பஞ்சு ஷீட்டு வேற வெக்கிறாங்க. நம்ம ஊரு புழுக்கத்துக்கு அதெல்லாம் தேவையா? கைத்தையலா மிஷினா? கால் மிஷின் இருக்கு, ஜாக்கெட் தைக்கிற அளவுக்குத் தெரியும். வீட்டுக்காரர் "மெட்ராஸ்ல எவன் போர்வை போத்துறான், ஃபேன் போடவே கரண்டு இல்ல"ன்றார், அவரை விடுங்க.

ஊசிநூல்:

வெட்டவே வேணாம்மா. ஒரு புடவை அஞ்சரை மீட்டர், அகலம் 45 இஞ்சு பக்கம் வரும். மூணா மடிச்சா ஒவ்வொரு மடிப்பும் ஆறடி நீளம், மூணே முக்காலடி அகலம். ஒரு ஆள் படுக்குற கட்டிலுக்கு அதான் அளவே. ஒரே புடவைல மூணு அடுக்குப் போர்வை, கத்திரிக்கோல் வேலையே கிடையாது, நாளைக்கு அம்மாவுக்கு மனசு கேக்கலன்னா நூலை உருவிட்டா புடவை திரும்பப் புடவையாவே வந்துரும். கொஞ்சம் ஊசி ஓட்டை தெரியும், அவ்வளவுதான். இதைச் சொல்லிப் பாருங்க.

பெங்கால்ல காந்தான்னு தைக்கிறாங்கல்ல, அதுவும் இதேதான், பழைய புடவை, வேட்டிய அடுக்கி மேல ஓட்டுத் தையல், அதாவது ஊசிய மேலயும் கீழயுமா கோத்து நேரா ஓட்டிக்கிட்டே போறது. அந்தக் காலத்துல தைக்கிற நூலைக் கூட புடவை பார்டர்லேர்ந்தே உருவி எடுப்பாங்களாம். பஞ்சே இல்லாத போர்வை அது. நம்ம ஊருக்கு பஞ்சு ஷீட்டு சத்தியமா வேணாம், பாலியஸ்டர் ஷீட்டு உள்ள வெச்சா வேர்வை வெளிய போகாது, காட்டன் ஷீட்டு வெச்சா ஐப்பசி மழைல துவைச்சு மூணு நாளைக்கு மாடில கிடந்து நாறும். மூணு அடுக்குப் புடவைன்னா காலைல காயப் போட்டா மத்தியானம் மடிச்சு வெச்சுரலாம்.

எது மேல எது உள்ளன்றதுதான் முக்கியம். நைஞ்சதை நடுவுல போடுங்க, கெட்டியா இருக்குறது மேலயும் கீழயும். ஒரே புடவைய மடிக்கிறீங்கன்னா முந்தி மேல வர்ற மாதிரி மடிங்க, பார்க்க அம்சமா இருக்கும், முந்தி எப்பவும் அவ்வளவா நைஞ்சிருக்காது, இடுப்புச் சுத்துதான் சீக்கிரம் போகும்.

தைக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தனித்தனியா துவைச்சுருங்க. சுங்குடில ஒரு மூலைய நனைச்சு வெள்ளைத் துணில அழுத்திப் பாருங்க, செவப்பு, கருநீலம் ரெண்டும் வருஷக்கணக்கா ஆனாலும் சாயம் விடும். உப்பு போட்டு ஊற வெச்சா நிக்கும்னு சொல்வாங்க, நம்பாதீங்க, விடுற சாயத்தைத் தண்ணி தெளியுற வரைக்கும் அலசி வெளிய எடுக்குறதுதான் ஒரே வழி. நைலக்ஸ் எது காட்டன் எதுன்னு சந்தேகமா இருந்தா ஓரத்துல ஒரு நூலை உருவி கொளுத்துங்க. காட்டன்னா காகிதம் எரியுற வாசனை வந்து சாம்பலா உதிரும், நைலக்ஸ்னா சுருண்டு உருகி கெட்டியா ஒரு மணி மாதிரி நிக்கும். அந்த மணி நிக்கிறதெல்லாம் போர்வைக்கு வேணாம், வழுக்கிக்கிட்டே இருக்கும், தையலும் ஒழுங்கா உக்காராது.

பெரம்பூர் டெய்லர்:

மேல சொன்ன சிஸ்டர் சொல்றது எல்லாம் கரெக்டு ஆனா கைத்தையல்னு ஆரம்பிச்சா இந்த பொங்கலுக்கு எடுத்தா அடுத்த பொங்கலுக்கும் பாதிலதான் கீதும்மா, நான் கடை வெச்சுக்கினு கீறேன், நெறைய பாத்துட்டேன். அத்தினி பசங்களுக்கு ஆளுக்கு ஒண்ணுன்னா மிஷின்தான்.

ஆனா மிஷின்ல அடுக்குத் துணி ஓட்டும்போது கீழ துணிய மிஷின் பல்லு இழுத்துக்கினே போவும், மேல துணி பின்னால தங்கும், கடைசில சுருக்கம் சுருக்கமா நிக்கும். அதுக்குத்தான் தைக்கிறதுக்கு முன்னாடி தரைல நல்லா இழுத்துப் பரத்தி, நாலு மூலைலயும் அரிசி டின்னு, குக்கர்னு வெயிட்டா ஏதாச்சும் வெச்சு, நடுவுலேர்ந்து வெளிய பாத்து நீள நீளமா கைல தையல் போட்டுக்கணும். ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சா சுருக்கம் பூரா நடுவுல வந்து மாட்டிக்கும். சேஃப்டி பின்னும் குத்தலாம், நைஞ்ச துணில ஓட்டை விழும், நூலே மேல். அப்புறம் மிஷின்லயும் நடு கோட்டுலேர்ந்து ஆரம்பிச்சு வெளிய போ. தையல் நீளத்தை பெருசா வெய்யி, பாதத்தோட அழுத்தத்தைக் கொஞ்சம் லூசு பண்ணு. ஊசி 14 போதும், மூணு மடிப்புக்கு 16 வேணாம். நாலஞ்சு அடுக்கு ஆச்சுன்னா அப்ப 16 போடு.

சொல்றதுக்கு வந்தது இன்னொண்ணு. எங்கப்பா பின்னி மில்லுல இருந்தாரு, 1996ல மில்லு மூடுறதுக்கு முன்னாடி வந்த காக்கி டிரில் துணி எங்க வூட்டுல இன்னும் கால்மிதியா கெடக்குது, கிழியவே மாட்டுது. அப்பேர்ப்பட்ட கெட்டித் துணி எதுனா உங்க வூட்டுல இருந்தா போர்வைக்குப் போடாதீங்க, புடவைய அது இழுத்து இழுத்துக் கிழிச்சுடும். மெல்லிசோட மெல்லிசுதான் சேரணும்.

ஊசிநூல்:

அண்ணா, மிஷின் வேகம்தான், ஒத்துக்கறேன். ஆனா நைஞ்ச காட்டன்ல மிஷின் தையல் நெருக்கமா விழுந்துச்சுன்னா அந்தக் கோட்டோடவே கிழிஞ்சு வரும். கைத்தையல் தளர்வா இருக்கும், துணியோட சேர்ந்து குடுக்கும். எனக்கென்னமோ கெட்டி புடவைங்கள மிஷின்லயும், ரொம்ப பழசைக் கையாலயும் தைக்கிறதுதான் சரின்னு படுது. கைல தைக்கிறப்போ நூலை ஒரு முழத்துக்கு மேல கோக்காதீங்க, சிக்கு விழும். மெழுகுவர்த்தில ஒரு இழுப்பு இழுத்துட்டுத் தைச்சா முறுக்கிக்காது. வரிக்கு வரி ரெண்டு விரல் இடைவெளி போதும்.

தண்டையார்பேட்டை பொண்ணு:

ரொம்ப தேங்க்ஸ் அக்கா, அண்ணா. உருவிட்டா திரும்பப் புடவைன்னு சொன்னதும் அம்மா கொஞ்சம் இறங்கி வந்துட்டாங்க. "அப்ப அந்த பச்சை சுங்குடிய எடு, அது உங்க அப்பா வாங்கினதுல எனக்குப் பிடிக்காதது"ன்னு அவங்களே எடுத்துக் குடுத்தாங்க :)

ஆனா சில புடவைங்க ஏற்கனவே துண்டு துண்டாதான் இருக்கு, பாதி கிழிச்சு தூளி கட்டியிருக்கோம், கரித்துணியா போனது போக மீதி. அதை என்ன பண்றது? பட்டும் இருக்கு. போர்வைக்கு அடில வெக்கிற பேக்கிங் துணி எங்க வாங்கலாம்?

காலடிப்பேட்டை வாசி:

துண்டு துணிக்கு கவந்தின்னு ஒண்ணு இருக்கு, தேடிப் பாருங்க. கர்நாடகால எல்லாப்பூர், ஹளியால் பக்கம் இருக்குற சித்தி ஜனங்க, ஆப்பிரிக்கால இருந்து வந்தவங்க வம்சம், அந்தப் பொம்பளைங்க தைக்கிறது. இதுல அளவெடுத்து வெட்டி ஜாயின்ட் போடுற சோலியே இல்ல. கீழ ஒரு முழுப் புடவைய விரிச்சுக்கணும், ஒரு மூலைல ஆரம்பிச்சு துண்டு துணிய ஓரம் மடக்கி வெச்சு அப்படியே ஓட்டுத் தையல் போட்டுக்கிட்டே ஓரத்தோட சுத்தி வரணும், ஒரு சுத்து முடிஞ்சா உள்பக்கம் அடுத்த சுத்து, கடைசில நடுவுல வந்து முடியும். நாலு மூலைலயும் துணிய முக்கோணமா மடிச்சு மடிச்சு வெச்சுத் தைப்பாங்க, ஃபூலான்னு பேரு, அது இல்லன்னா போர்வை முடிஞ்ச கணக்கே இல்ல அவங்களுக்கு. டெய்லர் அண்ணன் மன்னிக்கணும், இதுக்கு மிஷினே வேணாம், ஓரத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும், சுருக்கமும் வராது, ஏன்னா ஒவ்வொரு துண்டையும் வெக்கும்போதே கையால நீவி நீவித்தான் வெக்கிறோம்.

பட்டைப் போர்வைல சேர்க்காதீங்க. பழைய பட்டு மடிப்புல வெடிச்சுரும், ஜரிகை பசங்க மூஞ்சில குத்தும், துவைக்கவும் முடியாது. பின்னாடி மெல்லிசா ஃப்யூசிங் (இஸ்திரி போட்டா ஒட்டிக்கிற துணி) ஒட்டி தலகாணி உறையோ வாசக்கதவு மேல தோரணமோ பண்ணுங்க, பார்டரை மட்டும் நீளமா எடுத்து ஸ்கிரீன் அடில வெச்சா அப்படி ஒரு ரிச்சா இருக்கும். அதுக்கு வெட்டித்தான் ஆகணும், அம்மாகிட்ட நீங்களே பேசிக்கோங்க.

துணிக்கு எம்.சி.ரோடு போகாதீங்க, அங்க ரெடிமேடுதான் ஜாஸ்தி. மெட்ரோல ஹைகோர்ட்ல இறங்கினா கோடவுன் ஸ்ட்ரீட் நடக்குற தூரம், மொத்தக்கடைங்கதான், ஆனா சில கடைல முழு சுருளா வித்தது போக மிச்சம் இருக்குற பீஸு குடுப்பாங்க. லேஸு, நூலு சௌகார்பேட்டை பக்கம். ஞாயித்துக்கிழமை போய் ஏமாறாதீங்க.

சும்மா ஒரு தகவல், எங்க காலடிப்பேட்டையே நெசவாளருங்களுக்காக உண்டாக்கின ஊருதான், 1717லேர்ந்து 1720 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்த காலெட் துரை பேருல காலெட்பேட்டை, அது மருவி காலடிப்பேட்டை. நீங்க தைக்கப் போறதும் அதே திசைல இருக்குற ஊருல தானே, அதான் சொன்னேன்.

நைட் டூட்டி:

குட்டியா ஒண்ணுன்னு சொன்னீங்கல்ல, அதுல ஒரு வார்த்தை, நான் நர்ஸ். பொறந்த குழந்தைக்கு நம்ம வழக்கப்படி பழைய காட்டன் புடவைத் துணி ரொம்ப நல்லது, மெத்துனு இருக்கும், பச்சத் தோலை உரசாது. ஆனா ஒரு வயசு ஆகுற வரைக்கும் தூங்குற குழந்தை மேலயும் பக்கத்துலயும் போர்வை, தலகாணி, திண்டு எதுவும் வெக்காதீங்க, மூக்கு வாயை மூடிட்டா அதுக்குத் தள்ளிவிடத் தெரியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் இதையேதான் சொல்லுது. முழிச்சிருக்கும்போது கவுந்து படுக்கப் போடுறதுக்கு தரை விரிப்பா தைச்சுக் குடுங்க. அதுல பட்டன், மணி, குஞ்சம், சம்கி எதுவும் வேணாம், எல்லாம் வாய்க்குத்தான் போகும். குழந்தைக்குன்னா நூல் முடிச்சையும் வெளிய விடாம அடுக்குக்கு நடுவுல இழுத்து மறைச்சுருங்க.

ராயபுரம் ராஜா:

இவ்வளவு பாடுபட்டு எதுக்கு, வாசல்ல வண்டில வருதே பெட்ஷீட்டு, ரெண்டு வாங்கிப் போட்டா முடிஞ்சுது. டைம் வேஸ்ட்.

ஊசிநூல்:

தாராளமா வாங்கிக்கோங்க சார், உங்களை யாரும் ஊசி கோக்கச் சொல்லல.

பெரம்பூர் டெய்லர்:

காலடிப்பேட்டைக்காரர் சொன்ன ஓரத்துலேர்ந்து சுத்துற மேட்டர் எனக்கே புச்சு, கைத்தையலுக்கு சரிதான், மிஷின்ல மட்டும் யாரும் ட்ரை பண்ணிடாதீங்கபா.

நைலக்ஸ் மிச்சம் இருக்குன்னியேம்மா, அத தூக்கிப் போடாத. மூணு விரல் அகலத்துக்குக் கிழிச்சு சடை பின்னி, அத சுருட்டி சுருட்டி வட்டமா தைச்சா கால்மிதி. சோக்கா இருக்கும், பாத்ரூம் வாசலுக்கு அதான் பெஸ்ட்டு, தண்ணி நிக்காது, உதறிப் போட்டா காஞ்சுடும். ஆனா டைல்ஸ் தரைன்னா அடில பழைய ரப்பர் ஷீட்டு ஒட்டு, இல்லாட்டி பெருசுங்க வழுக்கி வுழும்.

தண்டையார்பேட்டை பொண்ணு:

நர்ஸ் அக்கா, நல்ல வேளை சொன்னீங்க, அண்ணி தலைமாட்டுல வெக்க குட்டி குட்டி திண்டு கேட்டிருந்தாங்க, வேணாம்னுட்டேன். பச்சை சுங்குடிய துவைச்சுப் போட்டிருக்கேன், தண்ணி இன்னும் பச்சையாதான் வருது, லாரித் தண்ணி புடிச்சு வெச்சதெல்லாம் இதுக்கே தீந்துரும் போல. முதல்ல வெளுத்த கைத்தறி ரெண்டை எடுத்து கையால ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், கெட்டியா இருக்குறதை அப்புறம் மிஷின்ல. ஒரே டவுட்டு, வெளிர் துணில எந்தக் கலர் நூல்? அம்மா வெள்ளைன்றாங்க, பொண்ணு செவப்புன்றா.

ஊசிநூல்:

செவப்புன்னா ஒரு முழ நூலை முதல்ல கொதிதண்ணில போட்டுப் பாருங்க, சாயம் விடலன்னா பொண்ணு ஜெயிச்சா. ஆனா செவப்புல ஒவ்வொரு தையலும் பளிச்சுனு தெரியும், வரி கோணினா கோணினதும் தெரியும், அதனால ஸ்கேல் வெச்சு சாக்பீஸ்ல லேசா கோடு போட்டுக்கிட்டு ஓட்டுங்க.