கிரபைட் கம்பனிப் பங்கு: பற்றரியை நம்பி வாங்கலாமா?

வெள்ளவத்தையான்:
மின்சாரக் கார்கள் பெருகுகின்றன, அவற்றின் பற்றரிக்கு வேண்டிய கிரபைட்டுக்கு இனிப் பொற்காலம் என்று இங்கே நாலு பேர் எழுதியதைப் பார்த்துக் கேட்கிறேன். கிரபைட் தோண்டும் போகல சுரங்கக் கம்பனி கொழும்புப் பங்குச் சந்தையில் இருக்கிறது. வாங்கிப் போடலாமா?

பஞ்சிகாவத்தை:
பற்றரியை நம்பி வாங்காதீர்கள் தம்பி. இலங்கை முழுவதிலும் வருடத்துக்கு எடுப்பதே சில ஆயிரம் தொன். 3,000 என்று வைப்போம். பற்றரிக்கென்றால் அரைத்து உருண்டைத் துகளாக்க வேண்டும், அதில் ஏறக்குறையப் பாதி கழிந்துபோகும். காருக்கு 50 கிலோ என்றாலும் மிஞ்சுவது 30,000 காருக்குத்தான் காணும். சீனக் கார்க் கம்பனி பிவைடி மட்டும் 2024இல் 40 இலட்சத்துக்கு மேல் வாகனம் விற்றது.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
அண்ணே, தொன் கணக்கை மட்டும் பார்த்தால் எப்படி? உலகில் தோண்டும் கிரபைட்டில் முக்கால்வாசி சீனாவுடையது. 2023 டிசம்பர் 1 முதல் பற்றரித் தரச் சரக்கு அனுமதிப்பத்திரம் இல்லாமல் அங்கிருந்து வெளியே வராது. 2025 ஜூலையில் அமெரிக்கா சீன அனோட் (பற்றரியின் எதிர்மின்வாய்) கிரபைட்டுக்கு 93.5 வீதப் பூர்வாங்கத் தீர்வை போட்டது. சீனாவுக்கு வெளியே கிடைப்பதற்கு விலை ஏறத்தானே வேண்டும்? நம்முடையதோ பாறை வெடிப்பில் நரம்பாக ஓடும் வகை, நல்ல கட்டி தோண்டி எடுக்கும்போதே 95 வீதத்துக்கு மேல் காபன்.

பஞ்சிகாவத்தை:
அந்தத் தீர்வை அனோட் செய்பவனுக்கு உதவும், நாம் அனுப்புவது கட்டியும் தூளும். சீனா கட்டுப்பாடு போட்டும் விலை எழும்பவில்லை, ஏனென்றால் அங்கே செயற்கைக் கிரபைட் மலிந்து கிடக்கிறது, அனோட்டில் பெரும்பங்கு இப்போது அதுதான். மொசாம்பிக்கின் பலாமா எவ்வளவு பெரிய சுரங்கம், அதையே நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டினார்கள்.

நம் சரக்கின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. மோட்டார் திருத்துகிறவன் நான். மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கிரபைட் துண்டுதான் காபன் பிரஷ், அது உரசுகிற செம்பு வளையம் கொமியூட்டேற்றர். நல்ல காபன் பிரஷ் ஓடிய கொமியூட்டேற்றரில் சொக்லேட் நிறத்தில் மெல்லிய படலம் பிடித்திருக்கும். மட்டமானது பொறி பறக்கவைத்துச் செம்பைக் கீறிவிடும். பிரஷ், உலோகம் உருக்கும் மூசை, உராய்வைக் குறைக்கும் தூள், பிரேக் பட்டை, இவற்றைச் செய்பவர்கள் பரிசோதித்துப் பிடித்த தரத்தைச் சில டொலருக்காக மாற்றமாட்டார்கள். இந்தச் சந்தை மெதுவாக வளரும், ஆனால் நிற்கும்.

மருதானை:
மின்சாரத்தால் இரும்பை உருக்கும் மின்வில் உலைகளால் உருக்கு உற்பத்தியும் கூடுகிறதே, அதற்கும் கிரபைட் மின்வாய் வேண்டுமல்லவா?

பஞ்சிகாவத்தை:
வேண்டும், ஆனால் அது எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரியான பெற்றோலியக் கோக்கில் செய்கிற செயற்கைக் கிரபைட். சுரங்கத்துக்கு அதில் பங்கில்லை. உலையின் உட்சுவரில் பதிக்கும், வெப்பம் தாங்கும் மக்னீசியா-காபன் தீக்கல்லில்தான் இயற்கைக் கிரபைட் போகிறது, அதுவும் மலிவான செதில் வகை.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
முதலாம் உலகப்போரில், 1916இல், இந்தத் தீவிலிருந்து 30,000 தொன்னுக்கு மேல் போனது. தேவை வந்தால் இறங்கித் தோண்டுவார்கள்.

பஞ்சிகாவத்தை:
போர் முடிந்ததும் என்ன ஆனது? மூசைக்காரர்கள் மடகஸ்கர் செதிலுக்குப் போனார்கள், இங்கே சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. இன்று இங்குள்ள இன்னொரு கிரபைட் சுரங்கமான ககட்டகஹ 600 மீற்றருக்கு மேல் ஆழம். தண்ணீர் இறைக்கவும் காற்று அனுப்பவும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், மின் கட்டணம் 2022க்குப் பிறகு எப்படி ஏறியது என்று தெரியும்தானே.

வெள்ளவத்தையான்:
அப்போ எதைப் பார்த்து வாங்குவது?

பஞ்சிகாவத்தை:
டொலரைப் பாருங்கள். வருமானம் டொலரில், கூலியும் மின்சாரமும் ரூபாவில். ரூபா பலமானால் விற்பனை குறையாமலே இலாபம் சுருங்கும். அப்புறம், பெரும்பான்மைப் பங்கு ஜேர்மன் தாய்க் கம்பனியிடம் இருக்கிறது, சந்தையில் புரள்வது கொஞ்சம்தான். அவசரத்துக்கு விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது.

கொட்டாஞ்சேனைப் பொடியன்:
அதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் இங்கேயே உருண்டையாக்கும் ஆலை ஒன்று வந்தால் உங்கள் கணக்கு முழுக்க மாறும். நான் வைத்திருப்பதை விற்கப் போவதில்லை.