மலை ஏறும் சி.என்.ஜி. பிக்கப் வண்டிக்கு எந்த ஸ்பார்க் பிளக் போடுவது?

கம்பம் காய்வண்டி:
அனைவருக்கும் வணக்கம். கம்பத்திலிருந்து குமுளிக்கும் வண்டிப்பெரியாருக்கும் நாள்தோறும் காய்கறி ஏற்றிச் செல்லும் நான்கு சிலிண்டர் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். கம்பெனியிலேயே சி.என்.ஜி. பொருத்தி வந்த வண்டி. லோயர் கேம்ப் தாண்டி, மின் நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய குழாய்களைக் கடந்து ஏறும்போது, இரண்டாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தால் மிஸ்ஸிங் ஆகி (இடையிடையே எரிவாயு பற்றாமல் போய்) வண்டி உதறுகிறது. பெட்ரோலுக்கு மாற்றினால் உதறல் பெருமளவு குறைந்துவிடுகிறது. சமவெளியில் எந்தக் குறையும் இல்லை. பிளக் மாற்றி 24,000 கிலோமீட்டர் ஆகிறது. குமுளியில் ஒரு கடைக்காரர் இரிடியம் பிளக்தான் மலைக்குத் தாங்கும் என்கிறார். கம்பத்தில் இன்னொருவர், இப்போதுள்ள 6-ஆம் எண் பிளக்குக்குப் பதிலாக 7-ஆம் எண் பிளக் போட்டால் என்ஜின் சூடு குறையும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஏலப்பாறை மெக்கானிக்:
தம்பி, 7-ஆம் எண்ணை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அந்த எண் என்ஜினின் சூட்டைக் குறைப்பதற்கானது அன்று. பிளக்கின் முனை தன் சூட்டை எவ்வளவு விரைவாக சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைக் குறிப்பது. முனை ஏறத்தாழ 500 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படியும் கரி தானாக எரிந்து போகும். 800 டிகிரிக்கு மேல் போனால் பொறி வருவதற்கு முன்பே முனையின் தணல் எரிவாயுவைப் பற்றவைத்துவிடும். உங்கள் வண்டி ஏறுவது பாதி நேரம் என்றால், இறங்குவதும் சோதனைச் சாவடியில் ஐடிலில் நிற்பதும் மீதி நேரம். அந்த நேரத்தில் 7-ஆம் எண் பிளக் போதிய சூடு ஏறாமல் கரி பிடித்துவிடக்கூடும்.

எண்ணைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, என்ஜிகே பிளக்கில் பிகேஆர்6இ-11 என்று இருந்தால், திரெட் (திருகு மரை) 14 மில்லிமீட்டர் விட்டமும் 19 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது, உள்ளே ரெசிஸ்டர் உண்டு, வெப்ப எண் 6, கேப், அதாவது பொறி தாண்டும் இடைவெளி, 1.1 மில்லிமீட்டர் என்று பொருள். டென்சோவில் இதே வெப்பத் தரத்துக்கு 20 என்று இருக்கும். போஷில் எண் கூடக்கூட பிளக் சூடானதாகும், அதாவது என்ஜிகேவுக்கு நேர் எதிர். கம்பெனி மாறும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கி ஏமாந்தவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

கட்டப்பனை ஓட்டுநர்:
அண்ணன் சொன்னது சரி. நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் எனக்குக் கேப் மீதுதான் சந்தேகம். சுமையோடு முழுதாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால், அந்த இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவைப்படுகிறது, சி.என்.ஜி.யில் அந்தத் தேவை பெட்ரோலைவிடவும் அதிகம். சாதாரண நிக்கல் முனை 24,000 கிலோமீட்டரில் தேய்ந்து, கேப் அகன்றிருக்கும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து பாருங்கள். என் சி.என்.ஜி. வண்டியில் 0.8 வைத்து ஓட்டுகிறேன். உங்கள் வண்டிக்குக் கையேட்டில் உள்ள அளவை வையுங்கள்.

இரிடியம் நல்ல பொருள்தான், நீண்ட நாள் உழைக்கும், மெல்லிய முனை என்பதால் குறைந்த மின்னழுத்தத்திலும் பொறி பாயும். ஆனால் அந்த முனையில் கேஜை நுழைத்து நெம்பினால் உடைந்துவிடும். ஆகவே உங்களுக்கு வேண்டிய கேப்பிலேயே கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் நிக்கல் பிளக்கையே 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

நான்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசையிலேயே ஒரு பழைய துணியில் வைத்துப் படம் போடுங்கள். என்ஜின் ஆறிய பிறகே கழற்றுங்கள், சூட்டில் திருகினால் அலுமினிய ஹெட்டின் திரெட் வழுக்கிவிடும்.

கம்பம் காய்வண்டி:
இன்று காலை கழற்றிப் பார்த்தேன். நான்கிலும் கேப் 1.3-க்கு மேல் இருக்கிறது. மூன்று பிளக்குகளின் முனை வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கிறது. மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் வேறு மாதிரி: முனை பழுப்புதான், ஆனால் வெளிப்புற வெள்ளைப் பீங்கான் முழுவதும் ஆயில் பூசி, மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறது. பிளக் குழியிலும் ஆயில் நின்றது.

ஏலப்பாறை மெக்கானிக்:
அந்தக் கறுப்புக் கோடு மின்சாரம் முனைக்குப் போகாமல் பீங்கானின் வெளியே இறங்கிய தடம். கேப் அகன்றதும் அதற்கு அந்த வழியே எளிதாகிவிட்டது. முனை பழுப்பாக இருப்பதால் ஆயில் சிலிண்டருக்குள்ளிருந்து வரவில்லை, டேப்பட் கவர் (என்ஜினின் மேல்மூடி) பக்கமிருந்து கசிகிறது. டேப்பட் கவர் கேஸ்கெட்டையும் குழி சீலையும் மாற்றி, குழியைத் துடைத்த பிறகே புது பிளக்கை இறக்குங்கள். மூன்றாம் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலின் ரப்பர் உறையை விரித்துப் பாருங்கள். உள்ளே அதே கோடு இருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் புது பிளக்கிலும் அதே இடத்தில் மின்சாரம் இறங்கும். பிளக்கைக் கையால் கடைசி வரை திருகி, வாஷர் உட்கார்ந்தபின் ஸ்பேனரால் அரைச் சுற்றுக்குச் சற்று மேல் இறுக்குங்கள். எண் 6-லேயே இருக்கட்டும்.